காத்தமுத்து சொன்னதில் பாதி

காத்தமுத்து இறந்த செய்தி சாத்தம் படகுத்துறையில் எனக்குக் கிடைத்தது. பம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த படகை விட்டு இறங்கிய காய்கறிக் கடை சிக்கந்தர் பாய் என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம காத்தமுத்து காலையில போய்ட்டாரு சார். ரெண்டு நாளா காய்ச்சலாம். யாருகிட்டயும் சொல்லலையாம்" என்றார். அதே படகு பத்து நிமிடத்தில் திரும்பிப் போகும். நான் அதில் ஏறியிருக்கலாம். ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். மாலையில்தான் போனேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் பம்பூஃப்ளாட்காரர். எனக்கு அவர் ஃபீனிக்ஸ் பே துறையில் சரக்கு இறக்கிய கூலியாள். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்தவர். அந்தத் துறையில் ஒரு காண்ட்ராக்டரின் கிடங்கில் நான் குமாஸ்தா. என்னைவிட நான்கு வயது மூத்தவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சார்' என்றார். இந்தக் கட்டுரையில் அவரை 'அவர்' என்று எழுதுவது எனக்குப் புதிது.

அவர் வந்த இரண்டாம் வருடம் ஒரு கப்பல் வந்துபோன பிறகு, பித்தளை வால்வுகள் இருந்த மூன்று பெட்டிகளைக் காணவில்லை. அன்று அந்தப் பக்கம் சுமை தூக்கியவர் காத்தமுத்து. போலீசார் அவரைப் புறக்காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவருக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. சப் இன்ஸ்பெக்டருக்கு இந்திதான், தமிழ் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும் என்று மேனேஜர் என்னை அனுப்பினார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பகல் பதினொரு மணி இருக்கும். எனக்கு நாற்காலி போட்டார்கள். பெட்டி எங்கே என்று சப் இன்ஸ்பெக்டர் இந்தியில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

"தெரியாது சார். சத்தியமாத் தெரியாது."

"மாலூம் நஹி, சாப்" என்றேன். தெரியாதாம். அதன் பிறகு காத்தமுத்துவை மல்லாக்கப் போட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். கேள்வியும் பதிலும் மாறவில்லை. அடி மட்டும் கூடிக்கொண்டே போனது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போலீஸ்காரர்களைக் கெஞ்சவில்லை, என்னைத்தான் கெஞ்சினார். அந்த அறையில் அவர் பேச்சு புரிந்த ஒரே ஆள் நான். "நீங்களாச்சும் சொல்லுங்க சார், நான் அப்படிப்பட்டவன் இல்லேன்னு சொல்லுங்க."

"க்யா போல்தா ஹை?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். என்ன சொல்கிறான்?

"குச் நஹி, சாப்" என்றேன். ஒன்றுமில்லை.

ஒரு மணிக்கு மேல் ஆகியிருக்கும். காத்தமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "இல்லேன்னா விட மாட்டாங்க போல சார். அடி தாங்கல. நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கிட்டு விடச் சொல்லுங்க" என்றார்.

நான் சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "அவன்தான் எடுத்தானாம்" என்று இந்தியில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், வேலை போய்விடும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது எனக்குப் பசித்தது என்பதுதான். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவர் கைநாட்டு வைத்தார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அடித்த கான்ஸ்டபிள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையைத் தூக்கிப் புகட்டிக்கொண்டிருந்தான்.

அதே கப்பல் அடுத்த முறை வந்தபோது பெட்டிகள் அதில் இருந்தன. அவற்றைப் போர்ட் பிளேரில் இறக்கவே இல்லை. கப்பலின் அடித்தளத்தில் கிடந்து மெயின்லாண்டுக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. நான் மேனேஜரிடம் ஓடினேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார், காத்தமுத்து கைநாட்டு வைத்த காகிதத்தின் நகலைப் பார்த்தார். "ஒத்துக்கிட்டானே! அப்ப இதை இல்லாட்டி வேற எதையோ எடுத்திருப்பான்" என்றார். நான் தலையாட்டினேன். சாட்சி போதவில்லை என்று சில வாரங்களில் காத்தமுத்துவை விட்டுவிட்டார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதன் பிறகு குதிகாலை முழுதாக ஊன்றி அவர் நடந்ததை நான் பார்க்கவில்லை.

அவர் பம்பூஃப்ளாட்டுக்குப் போய் விறகு வெட்டினார். ராஞ்சியிலிருந்து வந்த கூலிகளோடும் வங்காளிகளோடும் இருந்து இந்தி கற்றுக்கொண்டார். எதற்காகக் கற்றார் என்பதைச் சிக்கந்தர் பாய் சொல்லித்தான் அறிந்தேன். புதிதாக வந்தவர் யாரையாவது போலீசார் பிடித்துப் போனார்கள் என்று தெரிந்தால், வெட்டுக்கத்தியை அப்படியே போட்டுவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்துகொள்வாராம். "பேச்சை மாத்திச் சொல்ல ஆள் வேணும்ல சாப், நான் சொல்றேன்" என்பாராம். ஒரு கைக்கடிகாரம் தொலைந்ததற்காகச் சிக்கந்தர் பாயையும் அப்படிப் பிடித்துப் போயிருந்தார்கள்.

"ஒரு அடிதான் சார் விழுந்துச்சு. உம்மான்னு கத்துனேன். என்னா சொல்றான்னு கேட்டாங்க. இவரு எழுந்து நின்னு, 'சாப், அவங்க அம்மாவைக் கூப்பிடுறான்'னாரு. அடுத்த அடி. நான் அழுதுக்கிட்டே என்னென்னமோ சொல்றேன். 'சாப், அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதாம், இவன் கை போயிட்டா யாரு சோறு போடுவான்னு கேக்குறான்'னாரு. ஒரு வார்த்தை விடல சார். முனகுனா முனகுறான்னு சொன்னாரு. அந்த ஆபீசரு கம்பைப் போட்டுட்டு வெளிய போயிட்டாரு."

எப்போதும் இப்படி நடந்துவிடவில்லை. இரண்டு முறை அவரையே அறைந்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். மறுமுறையும் போனார். "அடிக்கிறவனுக்குக் காது கேக்கணும். கேக்காட்டி கை நிக்காது" என்று அவர் சொல்வதுண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் மின்னி பேயில் நம் தமிழர் கூட்டம் ஒன்று நடந்தது. மேட்டிலிருக்கும் பழைய ஜெயிலைப் பற்றி நான் பேசினேன். கசையடி மேடை, மனிதர்களைப் பூட்டி இழுக்கவைத்த செக்கு, வெள்ளைக்காரன் செய்த கொடுமைகள் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். கூட்டம் கலைந்ததும் காத்தமுத்து என்னிடம் வந்தார்.

"நல்லாப் பேசுனீங்க சார். வெள்ளைக்காரனுக்கு நம்ம பாஷை தெரியாதே. அவனுக்கும் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து மாத்திச் சொல்லியிருப்பான்ல?"

கையிலிருந்த பேச்சுக் குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அன்னைக்கு நீங்க இந்தியில என்ன சார் சொன்னீங்க? எனக்கு அப்பத் தெரியாது."

சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் சொன்னது அவ்வளவு இல்லையே சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு, "அடிச்சவன் தண்ணி குடுத்தான். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க" என்றார்.

மன்னித்துவிடு என்று வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போவுது? கம்பெனியில போய்ச் சொல்லுங்க. ஸ்டேஷன்ல சொல்லுங்க. காயிதத்துல நான் இன்னும் களவாணிதான்."

சொல்கிறேன் என்றேன். காண்ட்ராக்டர் இருந்தார், மேனேஜர் இருந்தார், பேனாவும் காகிதமும் என் மேசையிலேயே இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்று ஒரு வருடம் தள்ளினேன். பிறகு இன்னொரு வருடம். வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர், "சொன்னீங்களா சார்?" என்று கேட்பார். கடைசி இரண்டு முறை பார்த்தபோது கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து இப்போது கூசுகிறேன்.

மயானத்தில் பெரியவர் ஒருவர் அவரைப் புகழ்ந்து பேசினார். "ஆரம்பத்துல களவுக் கேசுல உள்ள போனவருதான். ஆனா எப்படித் திருந்தி, எத்தனை பேருக்கு உதவியா வாழ்ந்தாரு!" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சிக்கந்தர் பாய் என் முகத்தைப் பார்த்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

காத்தமுத்து எனக்கு விட்டுச் சென்றது அவர் என்னிடம் ஒப்படைத்த அந்த ஒரு வேலைதான். காவல் நிலையத்துக்கும் கம்பெனிக்கும் இன்று காலை கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பெட்டிகளைக் காத்தமுத்து எடுக்கவில்லை. எடுத்ததாக அவர் சொல்லவும் இல்லை. சொன்னவன் நான்.