நடுவில் சொன்ன ஆமென்

எங்கள் பெரியம்மா ஜெபம் பண்ண ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டாள். நாட்டுத் தலைவர்களில் தொடங்கி, எல்லையில் நிற்கும் ராணுவ வீரர்கள், மழை, விளைச்சல், சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள், மின் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிறவர்கள் என்று எல்லாரையும் வரிசையாக ஆண்டவரிடம் ஒப்படைத்த பிறகுதான், நாங்கள் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த வீட்டுக்கு வந்து சேருவாள். "உங்க பெரியம்மா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு ஷிப்ட்டே மாறிடும்" என்பார் அப்பா.

கண்ணை மூடுவது எனக்குப் பெரிய கஷ்டம். எட்டு வயதில் உலகத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கும்போது எப்படி மூடிக்கொண்டிருப்பது? ஒற்றைக் கண்ணைத் திறந்து பல்லி போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் பெரியம்மா கண்டுபிடித்துவிடுவாள். மூடிய கண்ணோடு, ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறாமல், கை மட்டும் நீண்டு வந்து என் தொடையைக் கிள்ளும். "ஏட்டி, கண்ண மூடு" என்று அவள் திருநெல்வேலிப் பேச்சில் அதட்டுவது ஆமெனுக்குப் பிறகுதான். நெய்வேலிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் கோபத்துக்கு மட்டும் அவளுக்கு ஊர்ப்பேச்சுதான் வரும்.

வாரம் ஒரு சாயங்காலம் பெரியம்மா, அம்மா என்று சர்ச் பெண்கள் ஐந்தாறு பேர் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிவிட்டு வருவார்கள். அம்மாவோடு நானும் போவேன். அந்த ஜனவரியில் ஒரு நாள், தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்காகப் போவதாக ஏற்பாடு. புதிதாக மாற்றலாகி வந்தவர்கள். எங்களில் யாருக்கும் வீடு தெரியாது. பிளாக் நம்பர் தெரியும், ரோடு தெரியும், "வாசல்ல ஸ்டார் தொங்கும்" என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அது போதும் என்று பெரியம்மா கிளம்பிவிட்டாள்.

டவுன்ஷிப்பில் வீடு தேடியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ். அதே மஞ்சள் சுவர், அதே பச்சை ஜன்னல், அதே முருங்கை மரம். ரோடுகூட ஒன்றுபோலவே வளையும். சொந்த வீடு என்று நினைத்து அடுத்த வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிய நைட் ஷிப்ட்காரர்கள் உண்டு. அப்படியிருக்க ஒரு வாசலில் காகித நட்சத்திரத்தைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. "அன்னைக்கும் நட்சத்திரம்தான் வழி காட்டிச்சு, இன்னைக்கும் அதுதான்" என்றாள். அன்று குழந்தை இயேசுவைத் தேடி நட்சத்திரத்தைப் பார்த்து வந்த ஞானிகளும் முதலில் தப்பான வீட்டுக்குத்தான் போனார்கள் என்பதை ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

கதவைத் திறந்தது ஓர் இளம்பெண். நிறைமாதம் என்று சொல்லக்கூடிய வயிறு. முகமெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்ததும் அவள் கண் அப்படி விரிந்தது.

"வாங்கக்கா, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. எனக்கு மத்தியானத்துலேருந்து..."

"எல்லாத்தையும் ஆண்டவர்கிட்டயே சொல்லுவோம்மா. மொதல்ல ஜெபம்" என்று பெரியம்மா உள்ளே நுழைந்து, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயை அவளே விரித்துவிட்டாள். வீடு முழுக்கப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். சாமி படம் ஒன்றும் சுவரில் இல்லை. பெண்ணின் நெற்றியில் குங்குமம் இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்து, "விசுவாசத்துல ஊக்கமில்லாத குடும்பம் போல, நல்லா ஜெபிக்கணும்" என்று அம்மாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

பாட்டு முடிந்தது, ஜெபம் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். பெரியம்மா தலைவர்களை முடித்துக்கொண்டு ராணுவத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு விம்மல் கேட்டது. பெரியம்மாவின் குரல் உடனே உயர்ந்தது. தன் ஜெபத்தில் ஒருவர் கண்ணீர் விட்டால் அவள் எதையும் குறைக்க மாட்டாள், கூட்டத்தான் செய்வாள். மற்ற பெண்களும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சேர்ந்துகொண்டார்கள். இன்னொரு விம்மல் வந்தது. மழைக்கும் விளைச்சலுக்கும் இரட்டிப்பு நேரம் கிடைத்தது.

நான் வழக்கம்போல ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் தரை நனைந்திருந்தது. செம்பைத் தட்டிவிட்டாள் போல என்று முதலில் நினைத்தேன். ஆனால் செம்பு எதுவும் அங்கே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். பேச வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கையை மட்டும் அசைத்தாள்.

ஜெபத்தின் நடுவில் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. இது எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்த சட்டம். ஜெபத்தை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு என்று எனக்குத் தெரியும். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி அதைக் கத்தினேன்.

"ஆமென்!"

"ஆமென்!" என்றார்கள் எல்லாரும், பழக்க தோஷத்தில். பெரியம்மாவும் சொல்லிவிட்டாள். மின் நிலையத்துக்காரர்கள் பாதியில் நிற்க, எல்லாக் கண்களும் திறந்தன.

பெரியம்மாவின் கை என் தொடைக்கு வந்துகொண்டிருந்தது. அம்மா அதற்குள் அந்தப் பெண்ணை ஒரே தாவலில் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு!"

"வலிச்சிகினே இருக்குதுக்கா" என்று அவள் அழுதாள். "மாசம்கூட ஆவல. அவரு ரெண்டாவது ஷிப்ட்டு பூட்டாரு, போன எடுக்கல. வூட்டுல யாருமே இல்லக்கா."

இவள் தாய்வீட்டுக்கு வந்த மகள் இல்லை என்று அப்போதே யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். யாருக்கும் நேரமில்லை. அம்மா அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் ஆட்டோ வருவது குதிரைக்கொம்பு. ரோட்டில் வந்தது ஜெனரல் ஷிப்ட் பஸ். நாள் முழுக்கச் சுரங்கத்தில் உழைத்து, சட்டையெல்லாம் புழுதியோடு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் நிறைந்த பஸ்.

பெரியம்மா நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அவள் உடம்புவாகுக்கு ரோட்டில் மிச்ச இடம் அதிகம் இல்லை. பஸ் அவள் மூக்குக்கு எதிரே வந்து நின்றது.

"என்னம்மா, சாவறதுக்கு எம் பஸ்ஸுதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

"பொறக்கறதுக்குய்யா!" என்று பெரியம்மா திருப்பிக் கத்தினாள். "ஆஸ்பத்திரிக்கு விடு!"

டிரைவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பின்னால் திரும்பி, "யாராவது எறங்கணும்னா இப்பவே எறங்கிக்கங்க, வண்டி ரூட் மாறப் போவுது" என்றார். ஒருவரும் இறங்கவில்லை. "மெமோ குடுத்தா குடுக்கட்டும்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது முன்னால் நின்ற எனக்குக் கேட்டது. முன் சீட்டுக்காரர்கள் எழுந்து நீள இடம் விட்டார்கள். ஷிப்ட் பஸ் என்றால் இந்த ஸ்டாப், அந்த ஸ்டாப், அதைத் தவிர வேறு வழி அறியாத வண்டி. அது அன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, ரவுண்டானாவைச் சுற்றி, ஒரு ஸ்டாப்பிலும் நிற்காமல் பறந்தது. ஸ்டாப்பில் நின்றவர்கள் கைகாட்டிவிட்டு வாய் பிளந்து பார்த்தார்கள். எனக்கு ராஜபவனி போவது போல இருந்தது.

பாதி வழியில் அந்தப் பெண்ணுக்குப் பெரிய வலி வந்தது. "ஆத்தா! மாரியாத்தா!" என்று அவள் அலறினாள்.

பெரியம்மா மெதுவாக அம்மா பக்கம் குனிந்தாள். "ஏளா, நாம யார் வீட்டுக்கு வந்தோம்?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்க்கா. கால நல்லாப் புடிங்க" என்றாள் அம்மா.

பெரியம்மா பிடித்தாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. அவள் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். "ஆண்டவரே, காப்பாத்தும்" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தலைவர்களுக்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன பிறகு நாங்கள் வெளியே நின்றோம். எனக்கு ஆச்சரியம், பஸ்ஸும் நின்றது. புழுதிச் சட்டைக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்று யார் யாருக்கோ போன் போட்டு, கடைசியில் சுரங்கத்துக்குள் அந்தப் பெண்ணின் புருஷனுக்குச் சேதி போய்விட்டது. இருட்டு கட்டும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார்.

"ஆம்பளப் புள்ள. கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு. கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டு பேருக்கும் என்னாயிருக்கும்னு சொல்ல முடியாது. இப்ப நல்லாருக்காங்க."

பெரியம்மா அல்லேலூயா என்றாள். மரத்தடிக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்தார். டிரைவர் பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரி வாசல் என்றும் பாராமல், ஒரு நீண்ட ஹாரன் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். பெரியம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளையை. "இவ கண்ணத் தொறந்தது ஆண்டவர் கிருபை" என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னாள். அந்தச் சந்தோஷத்துக்கு இணையாக எனக்குப் பிறகு எந்தப் பரிசும் வரவில்லை.

உண்மையான வீடு அடுத்த ரோட்டில் இருந்தது. அங்கே கேசரி கிண்டி வைத்துக்கொண்டு இரவு வரை காத்திருந்தார்களாம். நாங்கள் போன வீட்டில் தொங்கியது, ரிட்டயர் ஆகிக் காலி செய்தவர்கள் விட்டுப்போன ஸ்டார். அழகாக இருக்கிறதே என்று இவர்கள் அவிழ்க்கவில்லை.

மறுநாள் அம்மா கஞ்சியும் பூண்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியம்மாவும் நானும் கூடப் போனோம். அந்தப் பெண்ணின் சொந்தபந்தமெல்லாம் வடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து வார்டை நிறைத்திருந்தார்கள். அவள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னாள்.

"நான் ஜன்னல் கிட்ட நின்னுகினு ஆத்தாவ கூப்ட்டுகினே இருந்தேன். யாரையாச்சும் அனுப்பு தாயேன்னு. இவங்கள அனுப்பி வெச்சா பாரு, எங்க மாரியாத்தா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அனுப்பியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும், வாயைத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துப் பெரியம்மாவின் மடியில் வைத்தாள். திறந்த வாய் பிள்ளையைக் கொஞ்சப் போய்விட்டது. அம்மா அந்தப் பெண்ணின் தலையை வருடி, "கஞ்சி ஆறுதும்மா, சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "நம்ம இயேசப்பாதான் அனுப்புனாருன்னு ஏம்மா சொல்லல?"

"அவருக்குத் தெரியும்டி" என்றாள் அம்மா. "நாளைக்குப் புள்ளைக்குப் பழந்துணி கொண்டுபோகணும், ஞாபகப்படுத்து."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆடி ஜெயித்தது நாங்கள், கோப்பை எதிர் டீமுக்கா? பயந்துபோய்த்தான் அம்மா பேசாமல் இருந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். அந்தப் பிள்ளைக்குத் தலை நிற்கும்வரை தினமும் போய் அவள் குளிப்பாட்டிவிட்டு வந்தபோதும், என்றைக்காவது சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் சொல்லவேயில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம் தோற்றுப்போன முகத்தோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மா என்னவோ காலிக் கஞ்சிப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டு, கோப்பையை வாங்கிவிட்டவள் போல, பாடிக்கொண்டே வந்தாள்.