பசை இறுகிய ராகுகாலம்

எங்கள் கராஜில் இன்னமும் ஒரு சோடிப் பனிச்சறுக்குப் பலகை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. ஒன்றில் சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கும் பைண்டிங் இல்லை. அம்மா அதை எறியவும் விடமாட்டார், அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டார்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மெல்பேர்ணில் ஜூலை விடுமுறை, ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடிய பனிமலைக்குப் போக பஸ் வரும். எனக்கு வாய்த்ததோ, யார் யாரோ திருகித் திருகி ஓட்டையெல்லாம் தேய்ந்த பழைய பலகை. கடைக்காரர் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார். நான் விடுவேனா? வீடியோவாகப் பார்த்து வழி கண்டுபிடித்திருந்தேன். உள்ளும் புறமும் மரை வெட்டிய சின்ன உருக்குக் குழல்கள் இருக்கின்றன, இன்சேர்ட் என்பார்கள். ஓட்டையைப் பெரிதாக்கி, குழைத்ததும் இறுகத் தொடங்கும் எபொக்சிப் பசை பூசி அவற்றை இறக்கிவிட்டால் போதும். பிறகு பைண்டிங்கை எத்தனை தரமும் கழற்றிப் பூட்டலாம், பலகை தேயாது.

அதைச் செய்யக்கூடியவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்தவருக்கு வீசா மறுக்கப்பட்டு, அன்றிரவு விமானம். எனக்கு அது, அதற்குள் வேலையை முடிக்க வேண்டுமே என்கிற அவசரம், அவ்வளவுதான்.

"பெட்டி இன்னும் அடுக்கேல்லை. நீ இவளோட சேர்ந்து ஓட்டை போட்டுக்கொண்டிரு," என்றார் அம்மா.

"அடுக்க என்ன கிடக்கு அக்கா? வந்த பெட்டிதானே."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினோம். ஆழம் தவறாமல் இருக்க மாமா ட்ரில் அலகில் டேப் சுற்றினார். துளைத்தார், மரை வெட்டினார். நான் தூளை ஊதினேன். இருந்த பசை முழுவதையும் யோகட் மூடியில் பிதுக்கி அவர் குழைத்து முடித்தபோது, அம்மா குசினிக் கதவில் வந்து நின்றார்.

"தம்பி, ராகுகாலம் தொடங்கீட்டுது. நல்ல வேலை ஒண்டும் செய்யாதை. உள்ள வந்து இரு."

மாமா மூடியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "ஓம் அக்கா," என்று கையைத் துடைத்தார்.

"மாமா! குளூ செட்டாகிடும்!"

"இந்தக் குளிருக்கு இறுகாதடி."

அம்மா அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு தோசை சுட்டார். சாப்பிட்டு முடிய இன்னொன்று போட்டார். பெரிதாகக் கதைத்தார்கள் என்றும் இல்லை. நான் ஈர்க்கால் பசையைக் குத்திப் பார்த்து, கராஜ் வாசலில் நின்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். தேன் மாதிரி இருக்கு. பாகு மாதிரி இருக்கு. மாமா, டொஃபி மாதிரி ஆகிட்டுது! இருவரும் திரும்பவில்லை.

ஒருவழியாக அவர் எழுந்து வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. வேறு பசை இல்லை, கடைக்குப் போக நேரமும் இல்லை. இறுகத் தொடங்கியதையே வழித்துப் பூசிக் குழல்களை இறக்கினார். "பிடிக்கும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிடிக்கவில்லை. முதல் சரிவிலேயே பைண்டிங் குழல்களோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. எனக்கு மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு மாமாவுக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் கெடுத்தது அம்மாவின் ராகுகாலம்தான் என்று அழுதேன்.

"அக்காவை ஒண்டும் சொல்லாதை," என்றார். பிறகுதான், "கை நோகுதோ?"

மாமாவின் அடுத்த விண்ணப்பமும் மறுக்கப்பட்டது. அவர் திரும்பி வரவில்லை. இனி வருவார் என்று வீட்டில் யாரும் சொல்வதுமில்லை.

போன மாதம் இங்கே கேரம் டவுன்ஸ் பக்கத்துக் கோயிலில் செருப்பு மாட்டும்போது சுவர் நாட்காட்டி கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே வந்து போய்விடுகிறது. வாராவாரம் அதைப் பார்த்தே வீட்டை விட்டு வெளிக்கிடும் அம்மாவுக்கு அது தெரியும். அவரோடு வளர்ந்த மாமாவுக்கும் தெரியும். கராஜ் வாசலில் நின்று, "மாமா, இறுகுது, இறுகுது," என்று கத்திக்கொண்டிருந்தவளுக்குத்தான் தெரியவில்லை.