குணமானவர்கள் மூன்று பேர்

சிக்குன்குனியா வந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு தேங்காய் உடைக்க ஆளில்லை. குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு. பால் வடிய மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்றது. தண்ணீரில் கொசு, கொசுவிலிருந்து எங்களுக்கு. முதலில் என் வீட்டுக்காரர் படுத்தார், பிறகு நான். காய்ச்சல் சில நாளில் விட்டது. வலிதான் காலி பண்ண மறுக்கும் வாடகைக்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு எல்லாமே வெறுத்துப்போகும்.

வீட்டுக்காரர் பால்வெட்டுத் தொழிலாளி. மரத்துக்கு மரம் பட்டையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் கெட்டுவிடும். அந்த வேலைக்கு விரல் சொன்னபடி கேட்க வேண்டும். அவருடைய விரல்களோ அப்போது டீ கிளாசைக்கூடப் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் வெட்டு கிடையாது. மழை விட்டதும் போகாவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். வலியைவிட அந்தப் பயம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை.

வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வருவார். எங்களுக்கெல்லாம் அவர் சிஸ்டர். ஒருநாள் மதியம் வந்தவர் வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்து, காய்ச்சல் உண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன். இருவரும் குணமாகிவிட்டதாக எழுதிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையை மடக்க முடியாத மனிதரை எப்படிக் குணமானவர் என்று எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தில் காய்ச்சல், குணம், மரணம் என்று மூன்றே இடம்தான் தந்திருக்கிறார்கள் என்றார். காய்ச்சலும் போய், ஆளும் உயிரோடு இருந்தால் வேறெங்கே எழுத என்று என்னையே கேட்டார்.

சிஸ்டர் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. நான் கையைப் பிடித்துத் தூக்கினேன். என் மணிக்கட்டு சுரீரென்று இழுக்க, விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் மறுபக்கம் தோள் கொடுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் அவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நானும் உட்கார்ந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“எனக்கும் சொகமாச்சுண்ணு நானேதான் மக்கா எழுதினேன்” என்றார் சிஸ்டர்.

காய்ச்சல் வராத பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் அவரைத் தூக்கிவிட்டாள்.

மழை விட்டதும் தோட்டத்து முதலாளி ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நம்ம பக்கத்தில் காய்ச்சல் கண்டவர்களெல்லாம் குணமாகிவிட்டார்கள், சாவு ஒன்றும் இல்லை என்று பேப்பரில் போட்டிருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். இனி வெட்டுக்கு வரலாமே என்றார். கை சரியில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். ஊரே குணமாகிவிட்டதாகப் பேப்பரில் வந்தபிறகு அப்படிச் சொன்னால் சோம்பேறிப் பட்டம்தான் கிடைக்கும். சரி என்று தலையாட்டினார். நான் பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

முதல் வரிசை மரங்களிலேயே கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. முதலாளி காயம்பட்ட பட்டைகளைத் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாராம்.

“சொகமில்லேண்ணா நான் காத்திருந்திருப்பேனே. சொகமான பெறவும் இப்படி வெட்டுனா நான் என்ன செய்யதுக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த மரங்களில் அடுத்த வாரமே வேறொருவர் பால் வெட்டினார். வீட்டுக்காரர் பிறகு தக்கலையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலுக்குப் போனார். அங்கே கத்தி பிடிக்க வேண்டாம், நின்றால் போதும். அதற்கும் முழங்கால் லேசில் சம்மதிக்கவில்லை.

சில வருஷம் கழித்துப் பன்றிக் காய்ச்சல் வந்தது. தினமும் பேப்பரில் பாதிக்கப்பட்டவர் இத்தனை, குணமடைந்தவர் இத்தனை, இறந்தவர் இத்தனை என்று போடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கண் இறந்தவர் எண்ணிலேயே நின்றது. அவர் இன்னும் முழுதாக மடங்காத விரலைக் குணமடைந்தவர் எண்மேல் வைத்து, “இவங்க பாடு என்னவோ” என்றார்.