செலஸ்ரீனா அக்காவும் மரப்பிள்ளையும்

செலஸ்ரீனா அக்காவிடம் எதை நீட்டினாலும் முதலில் "வேண்டாம்" என்றுதான் சொல்லுவார். இரண்டாம் தரம் கேட்டால் சிரிப்பார். மூன்றாம் தரம்தான் கை நீளும். மன்னாரில் அவரை அப்படித்தான் வளர்த்தார்கள், என்னையும் அப்படித்தான். கேட்டவுடன் வாங்குகிற பிள்ளையைக் காணாததைக் கண்டது என்பார்கள். இந்த நல்ல பழக்கம் ஒரு மனிசியை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போது நாங்கள் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் இருக்கிறோம்; லிபெர்த்தா வீதியில் ஒரே கட்டடத்தில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. நான் மூன்றாம் மாடியில் கூட்டித் துடைக்கிறேன். அக்கா இரண்டாம் மாடியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டார். குளிக்க வார்ப்பது, சாப்பாடு தீத்துவது, திட்டு வாங்குவது எல்லாம் அவர்தான்.

அந்த வீட்டு அலுமாரியில் ஒரு மரச்சிலை நின்றது. முழங்கை நீளம்கூட இல்லை. பெரிய தலை, பெரிய கண், கழுத்தில் பாசிமணி. மூக்கும் வாயும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. அக்கா அதைப் "பேய்ப் பொம்மை" என்பார். தூசி தட்டும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் சிஞ்ஞோராவே அதன் கதையைச் சொன்னார். அவருடைய தாயின் தகப்பன் ஆங்கிலேயர். அந்தக் காலத்தில் நைஜீரியாவில் அதிகாரியாக இருந்தவர், எங்கள் ஊரை ஆண்ட வெள்ளைக்கார ஏசண்டர் மாதிரி. அங்கே இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று செத்துப்போனால், தாய் அதற்கு ஒரு சிலை செய்விப்பாளாம். உயிரோடு இருக்கிற பிள்ளையோடு சேர்த்து அதையும் குளிப்பாட்டுவாள், தீத்துவாள், உடுப்புப் போடுவாள். கழுவிக் கழுவித்தான் அந்த முகம் தேய்ந்ததாம். துரை அதை எப்படி எடுத்தார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. எந்தத் தாய் தன் பிள்ளையைத் தானாகத் தூக்கிக் கொடுப்பாள்?

அக்கா அன்று பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிளறா, அது பேய் இல்லையடி. அது பிள்ளை."

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே இருந்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் இரட்டைப் பிள்ளைகள். கொட்வின் இப்போது பொலோஞ்ஞாவில் வேலை செய்கிறான். ஏர்னஸ்ற் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, யுத்தத்தின் கடைசியில் செல் குண்டு பட்டு முடிந்துபோனான். கடற்கரை மணலில் தாட்டுவிட்டு ஓடினார்கள். எந்த இடம் என்று இன்று ஒருவராலும் காட்ட முடியாது. அவனுடைய படம்கூட இல்லை. அன்று காலை நனைந்துவிட்டதென்று கழற்றிய நீலச் சட்டை மட்டும் அக்காவின் கையில் வந்து சேர்ந்தது. கொட்வின் முதன்முதல் மீசை வைத்துக்கொண்டு வந்தபோது, மற்றவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று இருந்து அழுதவர் அவர்.

ஆத்துமாக்களின் திருநாளில் எங்கள் சனம் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். அக்காவுக்குக் கொளுத்த ஒரு குழி இல்லை. அதனால் அந்த வருசம் மரப்பிள்ளையைத் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி, ஏர்னஸ்றின் சட்டையைப் போட்டு, முன்னால் திரி கொளுத்தினார். பலெர்மோவில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை கொடுப்பார்கள், செத்தவர்கள் கொண்டுவந்ததென்று. அதிலும் ஒரு துண்டு உடைத்து வைத்தார். சிஞ்ஞோரா பார்த்துவிட்டுத் தடுக்கவில்லை. அடுத்த வருசம் சீனிப் பொம்மையை அவரே வாங்கி வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற அந்த மனிசியை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

போன மாரியில் சிஞ்ஞோரா கண்ணை மூடினார். வீட்டை ஒதுக்க மிலானோவிலிருந்து மருமகன் முறையானவர் வந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. அக்காவைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் உங்களுக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அக்கா, "ஒண்டும் வேண்டாம், சிஞ்ஞோரே" என்றார்.

பலெர்மோக்காரர் என்றால் விடமாட்டார்கள். கையைப் பிடித்து, சத்தியம் பண்ணி, திணித்துத்தான் அனுப்புவார்கள். இவர் வடக்கு இத்தாலிக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அக்கா அந்த இடத்திலேயே நின்றார், அவர் திரும்பி வந்து கேட்பார் என்று.

"உங்கடை வாய் எங்கை போனது அக்கா? இப்பவே போய்க் கேளுங்கோ" என்று கத்தினேன்.

"ஒருக்கா வேண்டாம் எண்டிட்டு எந்த முகத்தோடை கேக்கிறது? அவர் இன்னொருக்காக் கேப்பார்."

அவர் கேட்கவில்லை. நான் திட்டித் திட்டி அக்காவைப் போக வைத்தபோது, சிலையை ஒரு மியூசியத்துக்குக் கொடுக்கக் கையெழுத்தாகிவிட்டது. மனிதருக்கு உண்மையிலேயே கவலை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, செலஸ்ரீனா. நான் கேட்டேனே" என்றார். அந்தச் சொல்லைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

மியூசியத்திலிருந்து ஆட்கள் வருகிற அன்று நானும் அக்காவோடு கீழே இறங்கிப் போனேன். விடியவே அவர் அந்தப் பிள்ளையைத் துடைத்து நீலச் சட்டையைப் போட்டிருந்தார். "குளிரும்" என்றார்.

கையுறை போட்ட ஒரு இளம் பெண் சிலையை மெதுவாகத் தூக்கினாள். சட்டையைக் கண்டு நின்றாள். இது சிலையோடு சேர்ந்ததில்லை என்று சொல்லி, சட்டைக் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் கழற்றினாள். பிள்ளை வெறும் மேலோடு பெட்டிக்குள் போனது. பஞ்சு வைத்து மூடினார்கள்.

அவள் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"இது யாருடையது? உங்களுக்கு வேண்டுமா?"

ஒருதரம்தான் கேட்டாள். அக்கா இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

"ஓம்" என்றார் தமிழிலேயே. "ஓம், தாங்கோ. என்ர பிள்ளையின்ர."