கட்லாவின் வயிற்றில் பருத்தி

கட்லா மீன் மென்று தின்னாது. மேல்தண்ணீரில் வாயைத் திறந்தபடி போகும்; மிதக்கிற நுண்ணுயிர்களைச் செவுள் வடிகட்டி உள்ளே தள்ளும். குடலைக் கிழித்து நுண்ணோக்கியில் வைத்தால் வெறும் பச்சைக் கூழ். யாரைத் தின்றது என்று அந்தக் கூழில் எஞ்சிய டி.என்.ஏ.தான் சொல்லும். நாற்பதைத் தாண்டியபின் முனைவர் பட்டத்துக்கு நான் பிடித்துக்கொண்ட வேலை அது. குளமும் என் தேர்வுதான்: வீரபாண்டிப் பக்கம், சாயத்தண்ணீரில் செத்துப்போச்சு என்று ஊரே கைவிட்ட குளம்.

முதல் முடிவு வந்தது. கட்லா தின்றவற்றில் முதலிடம் பருத்திச் செடிக்கு!

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குத்தான் அப்பவே சொன்னனுங்க மேடம். அந்தக் குளத்துல பஞ்சும் சாயமுந்தான் இருக்கும். அமராவதி அணைக்கு மாறிக்குங்க. இல்லீன்னா ஆய்வ நிறுத்திக்கலாம்."

வீட்டில், பனியன் கம்பெனி நடத்தும் கொழுந்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏனுங்க அண்ணி, மீனும் பனியன் போட ஆரம்பிச்சிருச்சுங்களா? சைஸ் கேட்டுச் சொல்லுங்க, தெச்சுத் தந்தர்றேன்."

சிரித்தபடியே விரலில் ஒட்டிய குழம்பை, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட் துணியில் துடைத்தார். அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் எதையும் துடைக்க அதுதான்: வண்டி, அடுப்பு, குழந்தையின் மூக்கு. ஆய்வகத்தில் மீன் அறுக்கும் கத்தியையும் எல்லோரும் அதில்தான் துடைக்கிறோம். வெளுக்காத துணி, பருத்தியின் டி.என்.ஏ. அதில் அப்படியே ஒட்டியிருக்கும்.

நாம் துடைத்த துணிக்குக் குளமா பழி சுமக்கும்?

அணை மீனையே வாங்கிவந்தேன். அதே கத்தி, அதே துணி. முடிவு வந்ததும் நெறியாளர் மேசைமேல் வைத்தேன்.

"அணை மீனும் பருத்தி தின்னிருக்குதுங்க சார். அங்கயும் தண்ணிக்குள்ள கம்பெனி ஓடுதுங்களா?"

அவர் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"குளத்த மாத்த மாட்டனுங்க. துணியத்தான் மாத்துவேன்."

"ரொம்பப் பிடிவாதமுங்க உங்களுக்கு."

"ஆமாங்க."

"இன்னொருக்காப் பண்ணுங்க. அதுலயும் பருத்தி வந்துச்சுன்னா குளத்த மறந்தரோணும்."

பனியன் வேஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தியைத் தீயில் காட்டினேன். மேசையைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவினேன். குளத்துக் கட்லாவை மறுபடி அறுத்தேன். இந்த முறை பருத்தி இல்லை. நீர்த்தெள்ளு இருந்தது, பாசி இருந்தது, பெயர் சொல்லத் தெரியாத பொடிப்பொடி உயிர்கள் இருந்தன. நுரை மிதக்கும் அந்தத் தண்ணீர், யாரிடமும் கேட்காமல், தன் மீனுக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நெறியாளர் படித்து முடித்தார். ஆய்வுத் தலைப்பில் இடத்தின் பெயருக்காக விட்டிருந்த வெற்றிடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். குளத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.