தீபாவளி எண்ணெயும் தங்கச்சியின் லொக்ஸும்

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முழுகாமல் யாரும் புது உடுப்புப் போட முடியாது. ஒஸ்லோவில் வெளியே உறைபனி பிடித்திருந்தாலும் அம்மா விடமாட்டார். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தலையில் வைத்து, சீயாக்காய்த் தூள் தேய்த்து முழுக வார்த்தால்தான் அவருக்குத் தீபாவளி.

புத்தாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். அந்தத் தீபாவளிக்கு ஹொல்ம்லியாவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தங்கச்சி வந்திருந்தாள். சின்னம்மாவின் மகள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஏழு. சின்னம்மா காம்பியா நாட்டுக்காரர் ஒருவரைத் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்து ரொம்மன் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு சரை பலகாரம்கூடப் போனதில்லை. சித்தப்பாவை அப்பா ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வார். இரண்டாவது பிள்ளை பிறக்கும் நேரம், தங்கச்சியை விட வேறு இடமில்லாமல் சின்னம்மா போன் எடுத்தார். அம்மா மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவரச் சொன்னார்.

தங்கச்சியின் தலை முழுக்க லொக்ஸ். உங்களில் யாருக்காவது லொக்ஸ் இருந்தால் அதன் பாடு தெரிந்திருக்கும். சுருள் முடியைப் பிரித்துத் திரித்து, பென்சில் தடிப்பில் தோள்வரை வளர்த்திருந்தாள். மூன்று வயதில் தொடங்கியதாம். சீப்புப் படக்கூடாது. கழுவுவது, காயவைப்பது, வேர்ப்பக்கம் திரிப்பது எல்லாம் சித்தப்பாதான். இரவில் வழுவழுப்பான துணி கட்டித்தான் படுப்பாள். இல்லாவிட்டால் தலையணை முடியைக் காயப் பண்ணிவிடும் என்று பெரிய மனிசி போல எனக்கு வகுப்பெடுத்தாள்.

சின்னம்மா போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“அக்கா, அவளின்ர தலைக்கு மட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ.”

அம்மா அதைச் சின்னம்மாவின் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிள்ளையைத் தீபாவளிக்கு முழுக வார்க்காமல் விடுவதா?

காலையில் முதலில் என் தலை, பிறகு அவள் தலை. எனக்கு ஒரு கரண்டி எண்ணெய் போதும். அவளுடைய லொக்ஸ் ஊற்ற ஊற்றக் குடித்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோசம். “பார், எவ்வளவு காய்ஞ்சுபோய்க் கிடந்திருக்கு,” என்று சொல்லிச் சொல்லியே அரைப் போத்தலை முடித்தார். பிறகு சீயாக்காய்த் தூளை அள்ளித் தேய்த்தார். வார்த்த தண்ணீர் போனது. எண்ணெயும் தூளும் போகவில்லை. திரிக்குள் குழைந்து அங்கேயே குடியிருந்தன. மறுபடி தேய்க்க, இன்னும் உள்ளே போயின.

தங்கச்சி ஒரு திரியைப் பிழிந்து மணந்து பார்த்தாள். சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். பழுதாய்ப் போனால் எல்லாவற்றையும் வெட்டத்தான் வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அது அம்மாவுக்கும் கேட்டது. கையில் எடுத்த சீப்பை மெதுவாகக் கீழே வைத்தார். அப்பாவிடம் போய், அவருக்கு போன் எடுங்கோ என்றார். அப்பா அதுவரை சித்தப்பாவுடன் ஒரு சொல் பேசியதில்லை. சின்னம்மா எழுதித் தந்த நம்பரைத் தேடினார். பிறகு எடுத்தார்.

முதல் நாள்தான் தம்பி பிறந்திருந்தான். சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தார். அவருக்கும் முதுகுவரை லொக்ஸ். ஏச்சு விழும் என்று அம்மா தயாராக நின்றார். அவரோ ஒரு திரியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வெட்டத் தேவையில்லை என்று மகளிடம் நோர்வேஜிய மொழியில் சொன்னார். பிறகு ஏதோ ஒரு தூள் கேட்டார். அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் ஓடிப்போய், அம்மா அப்பத்துக்குப் போடும் சோடாவை எடுத்து வந்தேன். அதேதான்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் அதைக் கரைத்து முடியை ஊறவிட்டார். தேய்க்கவேயில்லை. ஒவ்வொரு திரியாக மேலிருந்து கீழே பிழிந்துவிட்டார். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் இறங்கியது. கொஞ்சம் வினாகிரி கலந்த தண்ணீரில் அலசி, மறுபடி பிழிந்தார். வாசலில் நின்று பார்த்த அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மற்றப் பக்கம் முழங்காலில் நின்று ஒரு திரியைப் பிடித்தார். சித்தப்பா அவர் கையைப் பார்த்து, “மெதுவா, அக்கா,” என்றார். தமிழில்.

லொக்ஸுக்குள் ஈரம் நின்றால் மணக்கத் தொடங்கிவிடும். அதனால் துவாயால் ஒற்றிய பிறகு முடி காயவைக்கும் மெசின் வந்தது. அதைப் பிடிக்கும் வேலை அப்பாவுக்கு. சூட்டைக் குறைக்கச் சொன்னபோதெல்லாம் “ஓம், ஓம்” என்று குறைத்தார்.

வேர்களைத் திரித்து முடித்ததும் சித்தப்பா அந்த எண்ணெய்ப் போத்தலைக் கேட்டார். அம்மா திடுக்கிட்டுப் போனார். அவர் விரல் நுனியில் துளி தொட்டு, மகளின் தலைத் தோலில் வைத்துக் காட்டினார். இவ்வளவு போதும், தோலுக்கு மட்டும். பிறகு போத்தலை அம்மாவிடமே நீட்டி, தன் தலையைத் தாழ்த்தினார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா மெசினை நிறுத்தினார். அம்மா சித்தப்பாவின் உச்சந்தலையில் அளவாக மூன்று துளி வைத்தார்.

தங்கச்சி புதுச் சட்டை போட்டு, தலையை ஆட்டி ஆட்டி முறுக்குச் சாப்பிட்டாள். அவர்கள் புறப்படும்போது அம்மா பலகாரப் பெட்டியோடு மிச்ச எண்ணெயையும் ஒரு பையில் வைத்து நீட்டினார். சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் காதுக்குள் கேட்டேன்.

“அந்த எண்ணெயைக் கழுவத்தானே இவ்வளவு பாடுபட்டவர்? பிறகேன் கொண்டுபோறார்?”

“நீ போய்ச் சித்தப்பான்ர சப்பாத்தை எடுத்துக் குடு,” என்றார் அப்பா.

எடுத்துக் கொடுத்தேன். முடியைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதருக்கு எண்ணெயைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.