இளவரசனின் நண்பன்

இன்றைக்குக் கம்பளைக்குப் போகும் பஸ்ஸில் என் கணவரின் வசனத்தை நான் பேச வேண்டியதாகிவிட்டது.

இவர் சனிக்கிழமை ஒரு பழைய துன்பியல் நாடகத்தில் நடிக்கிறார். ஆத்திரக்கார இளவரசனின் நிதானமான நண்பன். நான் பிள்ளைக்குச் சோறூட்டும்போதெல்லாம் இவர் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் வசனம் பாடமாகிவிட்டது.

பஸ்ஸில் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து மாமி இவருக்குப் போனில் கோல் எடுத்தா. லைன் சரியில்லை. இவர் கொஞ்சம் சத்தமாக, "ஓம் அம்மா, சுகமாத்தான் இருக்கிறம்" என்றார்.

தமிழைக் கேட்டதும் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "புலியெல்லாம் இப்ப பஸ்ஸிலயா?" என்று சிங்களத்தில் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இவர் எழும்பிவிட்டார்.

அடுத்த வளைவில் சோதனைச் சாவடி. அந்த மனிதர் அங்கே 'புலி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவரை இறக்கிவிடுவார்கள். பிறகு பிள்ளையோடு நான் எந்தப் பொலிஸ் வாசலில் போய் நிற்பது?

சட்டையைப் பிடித்திழுத்துக் காதுக்குள் சொன்னேன்: "இளவரசே, வாள் உறையிலேயே இருக்கட்டும். பொழுது விடிந்ததும் பேசலாம்."

என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "அது என்ர வசனமப்பா."

"அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமே."

நாடக முடிவில் எல்லாரும் செத்துப்போக, அந்த நண்பன் மட்டும்தான் உயிரோடு நிற்பான். இவருக்கு அந்த வேஷம் கிடைத்ததில் எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான்.

சனிக்கிழமை வருகிறவர்கள் எனக்கும் சேர்த்துக் கை தட்டிவிடுங்கள்.